கரும்புக்குள் நிற்கும் எங்கள் வண்டி

செப்டம்பர் 6

காலை முழுக்க டாங்கியின் பீரங்கிக் குழல் துடைப்பு. எண்ணெய்த் துணியை நீளக் கழியில் சுற்றி உள்ளே விட்டு இழுக்க நாலு பேர் வேண்டும். எங்கள் வண்டியில் இருப்பதே நாலு பேர்தான். அதில் ஒருவர் தபேதார், அவர் இழுக்க மாட்டார், குறை சொல்வார்.

நேற்று எதிரி எல்லை தாண்டி வந்து நூர்கோட் என்ற ஊரைப் பிடித்துவிட்டான். நாங்கள் அதற்கு இந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் ஒளிந்திருக்கிறோம். டாங்கிகள் மேல் மாவிலை. பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

எங்கள் டாங்கிக்கு நாங்கள் வைத்த பெயர் பாசஞ்சர். கண்ட இடத்தில் நின்றுவிடும், அதனால். தபேதார் சூசைமாணிக்கம் திண்டுக்கல் பக்கம். வண்டிக்கு அவர்தான் தலைவர். ஓட்டுவது வேடியப்பன், செங்கம்காரன். குண்டு ஏற்றுவது பாவாடை, செஞ்சிக்காரன். சுடுவது நான், எத்திராஜ், போளூர். பாவாடைக்குக் குலசாமி பாவாடைராயன், அதனால் அந்தப் பெயர். வடக்கத்திக்காரர்களுக்கு அதற்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை, பட்டாளம் முழுக்கச் சிரிக்கிறது. அவன் கவலைப்படுவதில்லை. திருவிழாவில் பம்பை அடிப்பவன். இங்கே குண்டுப் பெட்டி மேல் விரலால் அடித்து என் உயிரை வாங்குகிறான்.

மதியம் நிலத்துக்காரர் ஒரு சர்தார் மோர் கொண்டுவந்தார். வேடியப்பன் அவரிடம் கையாலேயே பேசி, கரும்புக்குத் தண்ணீர் எப்போது விட்டீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். போன குளிர்காலப் பயிற்சியில் இரண்டு மாவட்டம் ஓட்டி ஒரு பயிரைக்கூட நசுக்காதவன் என்று கர்னல் இவனுக்குக் கை கொடுத்தார். பயிற்சியில் பயிரை நசுக்கினால் நஷ்டஈடு, விசாரணை, தண்டனை ஓட்டம் எல்லாம் உண்டு. அதனால் எங்கள் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் வரப்பும் வண்டிப்பாதையும்தான் கண்ணில் படும். வேடியப்பன் அதில் முதல் மார்க்.

செப்டம்பர் 7, மதியம்

உத்தரவு வந்துவிட்டது. மூன்று மணிக்குக் கிளம்பி நூர்கோட்டைத் திரும்பப் பிடிக்க வேண்டும். மேற்கே போகிறோம், மூன்று மணிக்கு, வெயில் நேராக எங்கள் கண்ணில். இதைத் தபேதார் மேஜரிடம் சொன்னார். மேஜர் தேவசகாயம் நாகர்கோவில்காரர், நல்ல மனுஷர். “எனக்கும் தெரியும் சூசை, நேரம் குறிச்சது நான் இல்ல” என்றார்.

பாவாடை பனியன் துவைத்து மாமரத்தில் காயப் போட்டிருக்கிறான். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுமாம்.

செப்டம்பர் 7, இரவு

தோற்றுவிட்டோம். பாசஞ்சர் அங்கேயே நிற்கிறது. பாவாடை போய்விட்டான். மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 8, காலை

சாப்பாட்டுத் தட்டைக் கழுவி அடுக்கினேன். நாலு தட்டு. வேடியப்பன் ஒன்றை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் நேற்றிலிருந்து பேசவில்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், கடைசியில் எல்லாம் எங்கள் தலையில் வந்து விழும்.

எங்கள் பிரிவில் மூன்று டாங்கி. முன்னால் லெப்டினன்ட், நடுவில் ஜமேதாருடையது, கடைசியில் பாசஞ்சர். தோப்பைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. நடுவே மேடான ஒரு வண்டிப்பாதை, நேராகக் கால்வாய் மதகு வரைக்கும். போர் என்றால் பரவிப் போக வேண்டும், ஒருவர் பின்னால் ஒருவர் போகக் கூடாது. இதைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் முன்னால் போன டாங்கி பாதையில் ஏறியது, பின்னால் போனது ஏறியது, நாங்களும் ஏறினோம். யாரும் யாரையும் ஏறச் சொல்லவில்லை. பயிர் இருந்தது, பாதையும் இருந்தது, கை தானாகத் திரும்பிவிட்டது. மூன்று ஓட்டுநரும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்.

மதகுக்குப் பக்கத்தில் ஜீப்பில் ஏற்றிய பீரங்கிகளை வைத்துக்கொண்டு எதிரி காத்திருந்தான். வேறு எங்கேயும் பார்க்க வேண்டிய வேலையே அவனுக்கு இல்லை, பாதையை மட்டும் பார்த்தால் போதும். லெப்டினன்ட் வண்டி முதல் அடியிலேயே எரிந்தது. ஜமேதார் வண்டி நின்று, பின்னால் நகர்ந்து, எங்கள் கண் முன்னாலேயே எரிந்தது. யாரும் வெளியே வரவில்லை. எனக்கு வெயிலில் ஒரு மண்ணும் தெரியவில்லை. தபேதார் “எறங்கு, வயல்ல எறங்கு!” என்று கத்தினார். வேடியப்பன் ஒரு நொடி தாமதித்துத்தான் திருப்பினான். வண்டி பாதை ஓரத்து வாய்க்காலில் சரிந்து, சேற்றில் பாதி புதைந்து, கரும்புக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் டாங்கி மேல் பீரங்கியோடு சுழலும் கூண்டைத் திருப்பி மதகைப் பார்த்துக் குழலை நேராக்கினேன். அதற்குள் எங்களுக்கும் ஓர் அடி. பாவாடை பக்கம். வயர்லெஸ் செத்தது. உள்ளே முழுக்கப் புகை. தபேதார் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்.

பாவாடை சாய்ந்து கிடந்தான். மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை. பிறகுதான் குதித்தேன். இதை ராத்திரியே தபேதாரிடம் சொல்லிவிட்டேன், மேஜரிடமும் சொல்லிவிட்டேன்.

கரும்புக்குள் ஊர்ந்து திரும்பி வந்தோம். அவனுடைய பனியன் காய்ந்திருந்தது.

செப்டம்பர் 8, சாயங்காலம்

எழுதும்போதே பென்சில் முனை முறிகிறது. கோபத்தில்.

எங்களுக்கு முன்னால் பதுங்கு குழியில் இருக்கும் காலாட்படை சுபேதார் மதியம் வந்தார். கரும்புக்குள் நிற்கும் டாங்கியிலிருந்து மிஷின்கன் சுடுகிறது, எதிரி அதைப் பிடித்து உள்ளே உட்கார்ந்துவிட்டான் என்றார். மேலிடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நம் பெரிய பீரங்கிகள் அந்த டாங்கியை அடித்து உடைக்கும்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வேடியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான், ஒரு நாள் கழித்து.

“அது பாவாடைடா.”

சுபேதாருடைய பதுங்கு குழிக்கு ஓடினேன். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். கரும்புத் தோகைக்கு மேல் கூண்டு தெரிந்தது. குழல் மதகைப் பார்த்து, நான் எப்படி விட்டேனோ அப்படியே இருந்தது. கூண்டைத் திருப்பும் கைப்பிடி என் இருக்கைப் பக்கம். மிஷின்கன் குண்டு ஏற்றுபவன் பக்கம். எதிரி உள்ளே வந்திருந்தால் முதல் வேலையாகக் குழலை எங்கள் பக்கம் திருப்பியிருப்பான். திருப்ப முடியாதவன்தான் உள்ளே இருக்கிறான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சுட்டது. கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி, தோட்டாவை மிச்சம் பிடிப்பவன் சுடுகிற மாதிரி. அந்தப் பக்கம்தான் போனது, எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை.

மேஜரிடம் போனோம். நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு கேட்டார்:

“எத்திராஜ், நேத்து ராத்திரி நீதானே சொன்ன? மூக்குல கை வச்சுப் பாத்தேன்னு? செத்தவன் எப்படிச் சுடுவான்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“உள்ள ஒரே புகை சார்” என்றேன்.

“பாத்தியா, இல்லையா?”

“புகை சார். ஒண்ணும் தெரியல.”

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? புகை இருந்தது உண்மைதானே.

மேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஒரு டாங்கிய எதிரி கையில விட முடியாது. நீ சொல்றது யூகம். இதுக்காக மேலிடத்துல நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டாங்க.”

தபேதார் அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடித்தார். அவர் இப்படி அடித்தால் வில்லங்கம் வருகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

“சரிங்க சார். நாங்க மூணு பேரும் காலையில போயி அந்த வண்டிக்குள்ள உக்காந்துக்கிர்றோம். ஒம்பது மணிக்கு எங்களையும் சேத்தே அடிக்கச் சொல்லிருங்க.”

“சூசை, இது உத்தரவ மீறுறது.”

“ஆமாங்க சார். திரும்பி வந்தாத் தண்டனை குடுங்க. வாங்கிக்கிர்றோம்.”

மேஜர் தோப்பின் பின்பக்கம் கையைக் காட்டினார். “பட்டறைக்கு வந்த டாங்கி ஒண்ணு பின்னால நிக்குது. குழல் உடைஞ்சது, சுடாது. ஓடும்” என்றார். பிறகு, “ஒன்பது மணிங்கிறது ஒன்பது மணிதான். ஒரு நிமிஷம் தள்ளிப் போட எனக்கு அதிகாரம் இல்ல” என்றார்.

போதும் சார். நீங்கள் ஒரு நிமிஷமும் தள்ளிப் போட வேண்டாம்.

செப்டம்பர் 9

எழுத உட்காரும்போது சாயங்காலமாகிவிட்டது. விரலில் கரும்புத் தோகை கிழித்து எரிகிறது.

வெயில் ஏற ஆரம்பித்ததும் கிளம்பினோம். இந்த முறை சூரியன் எங்கள் முதுகில், எதிரி கண்ணில். சுடாத டாங்கியில் நான் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி உட்கார்ந்திருந்தேன், குதிக்கத் தயாராக. சுடுகிறவனுக்குச் சுடாத டாங்கியில் வேறு என்ன வேலை?

தோப்பு முடிகிற இடத்தில் வேடியப்பன் வண்டியை நிறுத்தினான். வலது பக்கம் பாதை. அதில் கருகிப்போன இரண்டு டாங்கிகள். எதிரே கரும்பு, சர்தாருடைய கரும்பு, அறுவடைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் கத்தலாம் என்று வாயெடுத்தேன், தபேதார் கையைக் காட்டி அடக்கினார்.

வேடியப்பன் கரும்புக்குள் விட்டான்.

முறிகிற சத்தம் எஞ்சின் சத்தத்தையே அமுக்கியது. கரும்புச் சாறு வாசனை வந்தது, வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் நிற்கிற மாதிரி. நான் புதைந்துவிடுவோம் என்று பயந்துகொண்டே கீழே பார்த்தேன். புதையவில்லை. வேர் பிடித்த மண், கட்டாந்தரை மாதிரி கெட்டியாக இருந்தது. சேறு இருந்தது பாதை ஓரத்து வாய்க்காலில் மட்டும்தான். முந்தாநாள் மூன்று டாங்கியும் இந்த வயலில் பரவிப் போயிருக்கலாம். நேராக மதகுக்கே போயிருக்கலாம். வேடியப்பனுக்கும் அது தெரிந்திருக்கும், ஏனென்றால் அவன் ஓட்டிக்கொண்டே ஓவென்று கத்த ஆரம்பித்தான். அழுகையா ஆத்திரமா தெரியவில்லை. கடைசி வரைக்கும் நிறுத்தவில்லை.

பாசஞ்சர் பக்கத்தில் போனதும் குதித்தேன். அதற்குள் மதகிலிருந்து எதிரி சுட ஆரம்பித்துவிட்டான், ஆனால் வெயிலில் அவனுக்குக் குறி தப்பியது. கூண்டு மேல் ஏறி மூடியைத் தூக்கினேன்.

உள்ளே நாற்றம். ரத்தம், மூத்திரம், வெடிமருந்து எல்லாம் சேர்ந்து. அந்த இருட்டில் இரண்டு கண்.

“இன்னாடா, இவ்ளோ நேரம்?” என்றான் பாவாடை.

குண்டுப் பெட்டி நகர்ந்து அவனுடைய இடது காலைப் பீரங்கியோடு சேர்த்து நசுக்கிப் பிடித்திருந்தது. தண்ணீர் கேன் காலியாகக் கிடந்தது. நான் பெட்டியைத் தள்ளப் போனேன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“அத்த அப்பறம் பாத்துக்கலாம். உன் சீட்ல குந்து.”

“உனக்குப் பைத்தியமா? வாடா வெளிய.”

“ஒண்ணு ஏத்தி வச்சிக்கீறேன். அன்னிக்கே ஏத்திட்டேன். சுடற பெடலு உன் பக்கம் கீது, எனக்கு எட்டல. நீ வந்து சுடுவேன்னு வச்சிக்கினு கீறேன்.”

நான் அவனை விட்டுவிட்டுக் குதித்த பிறகு, கால் நசுங்கிக் கிடந்தவன், கை எட்டிய குண்டை எடுத்துப் பீரங்கியில் ஏற்றி வைத்துவிட்டு, எனக்காகக் காத்திருந்திருக்கிறான். இரண்டு ராத்திரி. அழவில்லை, அழ நேரம் இல்லை.

உட்கார்ந்தேன். குறி பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். முந்தாநாள் ஒன்றும் தெரியாத இடத்தில் இன்றைக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மதகு, மதகுச் சுவர் ஓரம் ஜீப், ஜீப்பின் மேல் பீரங்கி, அதைச் சுற்றி ஆட்கள். அது தபேதாரும் வேடியப்பனும் இருக்கும் டாங்கியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. கைப்பிடியைக் கொஞ்சம் சுற்றினேன். மிதித்தேன்.

ஜீப் இல்லை.

“ஏத்திட்டேன்!” என்று பாவாடை கத்தினான். பெட்டியில் சிக்கிக் கிடந்தவாறே அடுத்ததை ஏற்றியிருந்தான். பயிற்சியில் கத்துகிற அதே குரல். மிதித்தேன். இன்னொரு ஜீப் நூர்கோட் பக்கம் ஓடியது, அதையும் ஓடவிடவில்லை. “ஏத்திட்டேன்!” மதகுச் சுவர். அவன் கைக்கு எட்டிய குண்டு தீர்கிற வரைக்கும் சுட்டோம். லெப்டினன்டுக்கு ஒன்று, ஜமேதாருக்கு ஒன்று என்று நான் சொல்லிக்கொண்டே சுட்டதாகப் பாவாடை சொல்கிறான். எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

தபேதார் மூடி வழியாகத் தலையை விட்டு, எட்டே முக்கால் ஆச்சுடா, சாகப் போறீங்களா என்று என் அம்மாவையும் பாவாடையின் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். கடப்பாரையால் பெட்டியை நெம்பி அவனை வெளியே எடுத்தோம். கால் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன்.

கரும்பு வழியாகவே திரும்பினோம். ஒன்பது மணிக்கு நம் பீரங்கிகள் அடிக்கவில்லை. மேஜர் பதுங்கு குழியிலிருந்து தொலைநோக்கியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டெலிபோனில் யாரையோ பிடித்துக் கத்தினாராம். தள்ளிப் போட அதிகாரம் இல்லாதவர் எப்படியோ அடியோடு நிறுத்திவிட்டார்.

இதனால் போர் ஒன்றும் திரும்பிவிடவில்லை. நூர்கோட் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. லெப்டினன்டும் ஜமேதாரும் அவர்கள் ஆட்களும் பாதையிலேயேதான் இருக்கிறார்கள். ஆனால் பாவாடை இங்கே இருக்கிறான்.

செப்டம்பர் 10

வேடியப்பன் சர்தாரைத் தேடிப் போனான். மன்னிப்புக் கேட்கவாம். அவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். வெறும் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

செப்டம்பர் 11

களமருத்துவமனை, ஒரு பள்ளிக்கூடம். பாவாடைக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பனியனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “மடிச்சிக் கொண்டாந்துக்கீறியே” என்று கிண்டல் செய்தான்.

மேஜரும் வந்திருந்தார். பாவாடைக்குப் பதக்கம் கேட்டு எழுதப் போகிறார், அதனால் நடந்ததைக் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, என்னைப் பார்க்காமல் அவனிடம் கேட்டார்:

“உன்ன விட்டுட்டுப் போனாங்களே, எத்திராஜ் உனக்கு உயிர் இருக்கான்னு பாத்தானா?”

பள்ளிக்கூடச் சுவரில் இந்தியப் படம் மாட்டியிருந்தது. நான் அதில் போளூர் எங்கே வரும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

“பாத்தான் சார்” என்றான் பாவாடை. “மூக்குல கை வச்சிப் பாத்தான். நான்தான் மூச்ச அடக்கிக்கினு கெடந்தேன்.”

மேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெளியே யாரோ ஸ்ட்ரெச்சர் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாவாடை கட்டில் சட்டத்தில் விரலால் பம்பை அடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, அடிப்பதை நிறுத்தாமலே சொன்னான்:

“அடுத்த தபா நெசமாவே பாருடா.”

சரி என்றேன்.

செப்டம்பர் 13

பாசஞ்சரை ராத்திரி இழுத்து வந்துவிட்டார்கள். பட்டறையில் ஓட்டைக்குத் தகடு வைத்து ஒட்டினார்கள், புது வயர்லெஸ் போட்டார்கள். வேறு டாங்கி தருகிறேன் என்று மேஜர் சொன்னார். தபேதார் வேண்டாம் என்றார். எங்களுக்குத் தண்டனை உண்டாம், போர் முடிந்த பிறகு. முடியட்டும்.

இன்று மறுபடி நூர்கோட்டுக்குப் போகிறோம். காலையில். குண்டு ஏற்ற வந்திருப்பவன் வேலூர்க்காரன், பெயர் சம்பந்தம். அவன் உட்கார்ந்ததும் அவன் மூக்குக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். என்னண்ணே என்று மிரண்டான். ஒன்றுமில்லை, பழக்கம் என்றேன்.

வேடியப்பன் எஞ்சினைப் போட்டுவிட்டுக் கேட்டான், “அண்ணே, எந்தப் பாதை?”

“பாதை எதுக்குடா?” என்றார் தபேதார்.